நஞ்சுக்கொடியை இழுக்காதீர்கள்!

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கறவை மாடு வைத்திருக்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "மாடு நல்லாத்தான் தின்னுது, பருவத்துக்கும் தவறாம வருது, மூணு தடவை ஊசி போட்டாச்சு, சினை நிக்கமாட்டேங்குது" என்பார்கள். ஒவ்வொரு தடவை தவறும்போதும் 21 நாள் தீவனம் வீண். இப்படியே நாலைந்து மாதம் போனால், கடன் வாங்கி வாங்கிய மாடு தரகர் கைக்குப் போய்விடுகிறது. அந்த மாடு போன ஈத்தில் கன்று போட்ட அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். "நஞ்சு விழலை, பக்கத்து ஊரிலிருந்து ஒருத்தரைக் கூப்பிட்டுக் கையை விட்டு எடுத்தோம்" என்று சிலர் சொல்வார்கள். அன்று கையை விட்டதற்கும் இன்று சினை நிற்காததற்கும் சம்பந்தம் உண்டு. அது என்ன சம்பந்தம் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் மாட்டின் கருப்பை எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே தெரிகிற பிறப்புறுப்பிலிருந்து உள்ளே போனால் முதலில் யோனிக் குழாய். அதற்கு அப்பால் கருப்பை வாய். இது சுமார் ஒரு சாண் நீளத்தில் பாதி இருக்கும். உள்ளே நாலு வளையம் போல மடிப்பு மடிப்பாக, கெட்டியாக இருக்கும். அதைத் தாண்டினால் கருப்பை. ஆட்டுக்கடா கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து போகிற இரண்டு கொம்புகள் அதற்கு உண்டு. கொம்பின் நுனியிலிருந்து மெல்லிய கருக்குழாய் கிளம்பும். அதன் முடிவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சினைப்பை. முட்டை உண்டாவது சினைப்பையில். முட்டையும் விந்தும் சேருவது கருக்குழாயில். கன்று வளருவது கருப்பைக் கொம்பில்.

இதெல்லாம் கண்ணால் பார்த்தால் தெரிவது. கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு முறை வைத்திருக்கிறோம். கருப்பைச் சுவரில் ஒரு சிறு துண்டை எடுத்து மெழுகில் பதித்து, மிகமிக மெல்லிய சீவலாகச் சீவுவோம். ஒரு மில்லி மீட்டர் கனத்தில் 200 சீவல் வரும் என்றால் எவ்வளவு மெல்லிசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், அந்தச் சுவர் எந்தெந்தச் செல்லால் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

அப்படிப் பார்த்தால் கருப்பைச் சுவரில் மூன்று அடுக்கு தெரிகிறது. வெளிப்பக்கம் மெல்லிய போர்வை. நடுவிலே தடித்த தசை. கன்றை வெளியே தள்ளுவது இந்தத் தசைதான். உள்பக்கம் இருப்பது உள்சவ்வு. இன்றைய பேச்சே இந்த உள்சவ்வைப் பற்றித்தான்.

யோனிக் குழாயின் உள்தோல் நம் உள்ளங்கைத் தோல் மாதிரி, செல் மேல் செல்லாகப் பல அடுக்கு அடுக்கியது. உராய்வைத் தாங்கும். கருப்பையின் உள்சவ்வு அப்படி இல்லை. அதன் மேல்பரப்பு பெரும்பாலும் ஒரே ஒரு வரிசைச் செல்தான். செங்கல்லை நெட்டுக்குத்தாக ஒரு வரிசை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். நகம் பட்டால் கிழியும், காரமான மருந்து பட்டால் வெந்துபோகும்.

இந்த உள்சவ்வில் இரண்டு விதமான இடங்கள் இருக்கின்றன. ஒன்று சுரப்பிகள் நிறைந்த இடம். ஆயிரக்கணக்கான நுண்ணிய குழாய்கள் மேல்பரப்பிலிருந்து கீழே சுருண்டு சுருண்டு இறங்கியிருக்கும். இன்னொன்று சுரப்பியே இல்லாத குமிழ்கள். பசு மாட்டில் இந்தக் குமிழ்கள் 70 முதல் 120 வரை, கொம்புக்கு நாலு வரிசையாக இருக்கும். சினை இல்லாதபோது சின்னப் பொத்தான் அளவு. சினை முற்றும்போது ஒவ்வொன்றும் கைப்பிடி அளவுக்குப் பெருக்கும். எருமையிலும், ஆட்டிலும் இதே ஏற்பாடுதான். குதிரைக்கும் பன்றிக்கும் இந்தக் குமிழ்கள் கிடையாது.

இனி இந்த உள்சவ்வு 21 நாளில் என்னென்ன செய்கிறது என்று பார்ப்போம்.

மாடு பருவத்துக்கு வரும் நாளில் உள்சவ்வில் ரத்தம் ஊறி, நீர் கோத்துத் தடிக்கிறது. கருப்பை வாயில் இருக்கிற செல்கள் வழும்பைச் சுரக்கின்றன. முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி, அறுபடாமல் கண்ணாடி நூல் போலத் தொங்கினால் அது நல்ல வழும்பு. அதிலே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சீழ்த் துணுக்கு தெரிந்தால் உள்சவ்வில் புண் இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மாட்டுக்கு அந்தத் தடவை ஊசி போட்டுப் பயனில்லை. முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும். ஆகவே ஊசி போடக் கூட்டிப் போகும் முன் வழும்பை வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். தரையில் விழுந்ததை விடப் பிறப்புறுப்பில் தொங்குவதைப் பார்ப்பதுதான் சரி.

பசு மாட்டில் பருவம் 12 முதல் 18 மணி நேரம் இருக்கும். முட்டை வெடித்து வெளியே வருவது பருவ அறிகுறி அடங்கி 10, 12 மணி நேரம் கழித்து. 1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் டிரிம்பெர்கர் என்ற ஆராய்ச்சியாளர் கறவை மாடுகளை விடாமல் கவனித்து எழுதிய கணக்கு, இன்றும் நமக்கு வழிகாட்டி. காலையில் பருவம் கண்டால் அன்று மாலை ஊசி. மாலையில் கண்டால் மறுநாள் காலை ஊசி. "கத்த ஆரம்பிச்சதுமே ஓட்டிக்கிட்டுப் போயிட்டோம்" என்று அவசரப்படவும் வேண்டாம், இரண்டு நாள் தள்ளவும் வேண்டாம்.

பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள், குறிப்பாகக் கிடாரிகளில், வாலிலும் பிறப்புறுப்பிலும் கொஞ்சம் ரத்தம் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, "சினை கலைஞ்சு போச்சு, ஊசி பிடிக்கலை" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அதெல்லாம் ஒன்றும் இல்லை. ரத்தம் ஊறித் தடித்திருந்த உள்சவ்வில் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் கசிவதுதான் அது. சினை பிடித்த மாட்டிலும் வரும், பிடிக்காத மாட்டிலும் வரும். எருமையில் இது அபூர்வம். இந்த ரத்தத்தால் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. பருவம் வந்ததே தெரியாமல் ரத்தம் மட்டும் கண்டால், இரண்டு நாள் முன்னால் பருவம் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து 18, 19 நாள் கழித்து மறுபடி பருவம் வரும். அப்போது கண்ணை விழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, சினை பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கரு நாலைந்து நாளில் கருக்குழாயிலிருந்து கருப்பைக்குள் இறங்குகிறது. உடனே அது ஒட்டிக்கொள்வதில்லை. மூன்று வாரம் போல உள்ளே மிதந்துகொண்டுதான் இருக்கிறது. அதுவரைக்கும் அதற்குச் சாப்பாடு? உள்சவ்வில் சுருண்டிருக்கிற சுரப்பிகள் ஒரு வகைப் பாலைச் சுரக்கின்றன. மடிப்பாலுக்கு முன்னால் கன்று குடிக்கிற முதல் பால் இதுதான். உள்சவ்வு புண்ணாகிச் சுரப்பிகள் அழிந்து போயிருந்தால், கரு அங்கேயே பட்டினியால் செத்துக் கரைந்துவிடும். மாடு மறுபடி பருவத்துக்கு வந்து நிற்கும். நாம் ஊசியைக் குறை சொல்வோம், ஊசி போட்டவரைக் குறை சொல்வோம்.

உள்சவ்வுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அது நாள் கணக்குப் பார்க்கும். கரு நூல் மாதிரி நீண்டு, 16ஆம் நாள் வாக்கில் "நான் இருக்கிறேன்" என்று உள்சவ்வுக்கு ஒரு சேதி அனுப்புகிறது. சேதி வராவிட்டால் உள்சவ்வு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து சினைப்பைக்கு அனுப்பும். சினைப்பையில் சினையைக் காக்கிற மஞ்சள் கட்டி கரையும். மாடு திரும்பவும் பருவத்துக்கு வரும்.

இதிலே ஏமாந்து போகிற இடம் ஒன்று உண்டு. கருப்பைக்குள் சீழ் கட்டிக்கொண்டால், கெட்டுப்போன உள்சவ்வால் அந்தப் பொருளைச் சரிவரச் சுரக்க முடியாது. மஞ்சள் கட்டி கரையாது. மாடு பருவத்துக்கே வராது. வீட்டிலே என்ன நினைப்பார்கள்? "சினை நின்னுடுச்சு" என்று சந்தோஷப்பட்டு ஏழெட்டு மாதம் தீவனம் போடுவார்கள். கடைசியில் வயிற்றில் கன்று இருக்காது. அதனால்தான் சொல்கிறோம், பருவத்துக்கு வரவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஊசி போட்ட 60 நாளுக்கு மேல், 90 நாளுக்குள் மாட்டை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய்ச் சினைப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்குப் பிறகு கரு மெதுவாக ஒட்ட ஆரம்பிக்கிறது. எங்கே ஒட்டும்? அந்தக் குமிழ்களில்தான். நஞ்சுக்கொடியை, சில ஊரில் இளங்கொடி என்பார்கள், வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கொடியில் அங்கங்கே கருஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கும். ஒவ்வொரு திட்டும் கருப்பையில் ஒரு குமிழைப் பிடித்துக்கொண்டிருந்த இடம். திட்டில் வேர் மாதிரி நுண்ணிய விரல்கள் நிறைய உண்டு. குமிழில் அதற்கேற்ற குழிகள் உண்டு. விரல் குழிக்குள் நுழைந்து, நாற்றின் வேர் மண்ணைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொள்கிறது.

ஆனாலும் தாயின் ரத்தமும் கன்றின் ரத்தமும் ஒன்றாகக் கலப்பதில்லை. நடுவிலே பல அடுக்குச் செல்கள் தடுப்பாக நிற்கின்றன. மனிதரில் இந்தத் தடுப்பு மெல்லிசு. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றிலேயே குழந்தைக்குப் போய்ச் சேரும். மாட்டில் அது போகாது. கன்று வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அதற்கு எதிர்ப்புச் சக்தி கிடைக்கிற ஒரே வழி சீம்பால். அதுவும் கன்றின் குடல் அந்தச் சக்தியை முதல் ஒரு நாளுக்குள்தான் உறிஞ்சும், நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே போகும்.

நம்ம பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. "நஞ்சு விழுந்த பிறகுதான் கன்னுக்குச் சீம்பால் விடணும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தயவுசெய்து இந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள். கன்று எழுந்து நின்றதும், அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் சீம்பால் ஊட்டிவிடுங்கள். இதனால் கொடிக்கும் நன்மைதான். கன்று மடியில் முட்டி ஊட்டும்போது மாட்டின் கருப்பைத் தசை சுருங்குகிறது. அது கொடியை வெளியே தள்ள உதவும்.

இப்போது கொடி எப்படிக் கழலுகிறது என்று பார்ப்போம். காய்ந்த நாற்றங்காலில் நாற்றைப் பிடுங்கினால் என்ன ஆகும்? வேர் அறுந்து மண்ணிலேயே நிற்கும். தண்ணீர் கட்டி மண் இளகிய பிறகு பிடுங்கினால் வேரோடு தானே வரும். இங்கேயும் அப்படித்தான். மாதம் நிறையும்போது குமிழில் இருக்கிற செல்கள் முதிர்ந்து மெலிகின்றன. ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள் அங்கே வந்து பிடிப்பை இளக்குகின்றன. கன்று விழுந்ததும் தசை சுருங்கச் சுருங்க, விரல்கள் ஒவ்வொன்றாகக் குழியை விட்டுக் கழன்று, பெரும்பாலான மாடுகளில் 8 மணி நேரத்துக்குள் கொடி முழுசாக விழுந்துவிடும். 12 மணி நேரம் தாண்டியும் விழவில்லை என்றால் கொடி தங்கிவிட்டது என்று அர்த்தம்.

தங்கின கொடியை இழுத்தால் என்ன ஆகும்? இளகாத பிடிப்பை இழுக்கிறோம். விரல்கள் அறுந்து குழிக்குள்ளேயே நின்று அழுகும். அல்லது குமிழே பிய்ந்து ரத்தம் கொட்டும். பக்கத்தில் இருக்கிற ஒரே வரிசைச் செல்லும் கிழியும். கையோடு போன கிருமி அந்தக் கிழிசலில் இறங்கும். புண் ஆறும்போது சுரப்பி இருந்த இடத்தில் வெறும் தழும்பு. தழும்பில் பால் சுரக்காது. அடுத்த கருவுக்கு அங்கே சோறு இல்லை. செருப்பு, கல், விளக்குமாறு என்று எதையாவது கொடியில் கட்டித் தொங்கவிடுவதும் இதே கெடுதலைத்தான் செய்யும். கருப்பையே வெளியே தள்ளிவிடவும் கூடும்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? சொல்கிறேன், கேளுங்கள்.

தொங்குகிற கொடி தரையில் புரண்டு, சாணி பட்டு, மாடு மிதிக்கிற மாதிரி இருந்தால், பின்னங்காலின் முழங்கால் அளவுக்குக் கீழே தொங்குவதை மட்டும் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடலாம். பின்பக்கத்தை வெளியே மட்டும் தண்ணீரில் கழுவி, தரையைக் காய்வாக வைத்திருங்கள். உள்ளே எண்ணெயோ, சாம்பலோ, பச்சிலைச் சாறோ எதையும் விடாதீர்கள். மாடு தீனி தின்கிறதா, அசை போடுகிறதா என்று பாருங்கள். 12 மணி நேரம் தாண்டினால் கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தீனி எடுக்காமல், உடம்பு சுட்டு, துர்நாற்றத்தோடு தண்ணியாக ஒழுகினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி பற்றி விவரம் கிடைக்கும். என்ன மருந்து, ஊசியா, உள்ளே வைக்கிற மாத்திரையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். கையை விட்டு இழுக்கச் சொல்லி அவரையும் வற்புறுத்தாதீர்கள். மருந்து கொடுத்த மாட்டின் பாலை அவர் சொல்கிற நாள் வரைக்கும் விற்கவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம்.

விழுந்த கொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரத்தில் கட்டுவது நம் முன்னோர் வழக்கம். நாய் இழுக்காமல் இருக்கட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் கன்று வீச்சு நோய் என்கிற புருசெல்லோசிஸ் கிருமி கொடியில்தான் கோடிக்கணக்கில் இருக்கும். அது மனிதருக்கும் தொற்றி, விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் கொடுக்கும். ஆகையால் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு எடுத்து, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள். மாதம் நிறையாமல் கன்று வீசின மாட்டில் இது கட்டாயம். கர்ப்பமாக இருக்கிற பெண்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். 2019இல் ஆரம்பித்த தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு இந்த நோய்க்கான தடுப்பூசி சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு தடவை போட்டால் போதும். காளைக் கன்றுக்குப் போடக் கூடாது.

கொடி நல்லபடியாக விழுந்த மாட்டிலும் உள்சவ்வு ஒரே நாளில் ஆறிவிடுவதில்லை. கன்று போட்ட அன்று கருப்பை சுமார் 9 கிலோ இருக்கும். ஒரு மாதத்தில் அது சுமார் 1 கிலோவாகச் சுருங்கியாக வேண்டும். குமிழ்களின் மேல்பகுதி செத்து உதிர்ந்து, 10, 12 நாள் வரைக்கும் காவி நிறத்தில் கழிவாக வரும். நாற்றம் இல்லாமல் இருந்தால் அது இயற்கைதான், பயம் வேண்டாம். பிறகு சுற்றிலும் இருக்கிற நல்ல செல்கள் பெருகி, புண்ணின் மேல் படர்ந்து மூடுகின்றன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உள்சவ்வு பழையபடி ஆகிச் சுரப்பிகள் வேலைக்குத் தயாராக 40 முதல் 50 நாள் ஆகிறது. இடையிலே 30ஆம் நாள் ஒரு பருவம் வந்தாலும் விட்டுவிடுங்கள். தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 60 நாள் ஆன பிறகு வருகிற பருவத்தில் ஊசி போடுங்கள். கொடி தங்கின மாடாக இருந்தால், டாக்டர் ஒரு தடவை கருப்பையைச் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகு போடுங்கள்.

கொடி தங்காமல் இருக்க முன்கூட்டியே செய்யக்கூடியதும் உண்டு. கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் பாலை வற்றவிடுங்கள். தினமும் தாது உப்புக் கலவை கொடுங்கள். வைக்கோலை மட்டும் நம்பாமல் பசுந்தீவனம் போடுங்கள். மாட்டைக் கட்டியே வைக்காமல் கொஞ்சம் நடக்கவிடுங்கள். இவ்வளவு செய்தாலும் இரட்டைக் கன்று, சிரமப்பட்ட பிரசவம் போன்றவற்றில் கொடி தங்கலாம். அப்போது மனம் பதறாமல் இருப்பதுதான் முக்கியம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கொடி தொங்குவதைப் பார்த்துப் பயந்து யாரையாவது கூப்பிட்டு இழுக்கச் சொல்லுகிற அந்த அரை மணி நேரத்தில்தான் நல்ல மாடு மலட்டு மாடாக ஆகிறது.

ஆகவே விவசாயப் பெருமக்களே, நான் சொன்னதில் நாலு விஷயத்தை மறக்காதீர்கள். வழும்பு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து ஊசி போடுங்கள். ஊசி போட்ட 60 நாளுக்கு மேல் சினைப் பரிசோதனை செய்யுங்கள். கொடிக்குக் காத்திராமல் கன்றுக்குச் சீம்பால் கொடுங்கள். கொடியை இழுக்காதீர்கள், கன்று போட்டு 60 நாள் பொறுத்து அடுத்த ஊசி போடுங்கள். இன்று ராத்திரி உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது மாடு கன்று போட்டால், இந்தச் செய்தியை அவர்களுக்கும் சொல்லுங்கள்.